சேற்று விலாங்கின் குஞ்சுகள் மூச்சுவிடும் விதம்

வெயிலில் சூடேறிய தேங்கல் நீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும். அந்தக் கொஞ்சத்தையும் அடியில் மக்கும் இலைதழைகள் இழுத்துக்கொள்ளும். அப்படிப்பட்ட நீரில்தான் சேற்று விலாங்கு குடும்பம் நடத்துகிறது. சீனாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் நெல்வயல், சதுப்பு, குட்டை என எங்கும் காணப்படும் மீன் இது. அறிவியல் பெயர் மோனோப்டெரஸ் ஆல்பஸ். உருவம் விலாங்கைப் போல இருந்தாலும் உறவில் ஆரல் மீனுக்குத்தான் இது நெருக்கம். செதில் கிடையாது, வளர்ந்த மீனுக்குப் பக்கத் துடுப்புகளும் கிடையாது.

இதன் செவுள்கள் மிகச் சிறியவை. குறைபோலத் தோன்றினாலும் அதில் லாபம் இருக்கிறது. ஆக்சிஜன் வறண்ட நீரில் பெரிய செவுள் இருந்தால், ரத்தத்தில் உள்ள ஆக்சிஜன் அதன் வழியே நீருக்குள் கசிந்துவிடும். அதனால் சேற்று விலாங்கு நீர்மட்டத்துக்கு வந்து வாய் நிறையக் காற்றை வாங்கிக்கொள்கிறது. வாயிலும் தொண்டையிலும் அடர்ந்திருக்கும் நுண்ரத்தக் குழாய்கள் அதிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். தோலும் ஈரமாக இருக்கும்வரை உதவும். குளம் வற்றினாலும் ஈரச் சேற்றில் வளை தோண்டி மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கிறது. அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் குடியேறிவிட்ட இந்த மீனை ஒழிப்பது கடினம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரவில்தான் வேட்டை. மோப்பம் பிடித்துப் புழு, இறால், சிறுமீன், தவளை என அகப்பட்டதைத் தின்னும். இரை பெரிதாக இருந்தால் கவ்விக்கொண்டு உடலையே முறுக்கிச் சுழன்று துண்டாக்கும்.

இனப்பெருக்கம்தான் இதைவிட விந்தையானது. குஞ்சுகள் பெண்ணாகவே வாழ்வைத் தொடங்குகின்றன. முட்டையிட்ட பிறகு, வளர வளரப் பலவற்றில் சூலகத் திசு சுருங்கி விந்துத் திசு தலையெடுக்கிறது. இடையில் இரண்டும் கலந்த ஒரு பருவமும் உண்டு. இது நோயோ விபத்தோ அல்ல, இயல்பான வளர்ச்சி என்று மீனியல் ஆய்வாளர் காரல் லீம் 1963-இல் விளக்கினார். பெரிய மீன்களில் பெரும்பாலானவை ஆண்கள். கூட்டைக் காப்பதும் அவைதான். வளையின் வாசலில் ஆண் நுரைக்கூடு கட்டும்; முட்டைகள் அதில் மிதக்கும்; குஞ்சு பொரித்த பிறகும் காவல் தொடரும்.

ஆனால் பொரித்த குஞ்சுக்குக் காற்றை விழுங்கத் தெரியாது. அது என்ன செய்கிறது என்பதை 1981-இல் லீம் கண்டறிந்தார். என்னைப் பொறுத்தவரை இந்த மீனைப் பற்றிய மிக அழகான செய்தி இதுதான்.

பெரியவற்றிடம் இல்லாத அகன்ற பக்கத் துடுப்புகள் குஞ்சுக்கு இருக்கின்றன. ஓயாமல் அவற்றை அடித்து, ஆக்சிஜன் சற்றுக் கூடுதலாக உள்ள மேற்பரப்பு நீரைத் தலையிலிருந்து வாலை நோக்கித் தன் உடல்மீது ஓடவிடுகிறது. தோலுக்கடியில் ரத்தம் வாலிலிருந்து தலையை நோக்கி, அதாவது எதிர்த்திசையில், ஓடுகிறது. வாலருகே நீரில் ஆக்சிஜன் குறைந்திருக்கும், ரத்தத்தில் அதைவிடக் குறைவு. எனவே அங்கும் ரத்தம் ஆக்சிஜனைப் பெறும். தலையருகே ரத்தம் ஓரளவு நிறைந்திருந்தாலும் எதிரே வருவது புதிய நீர்; அங்கும் பெறும். இரண்டும் ஒரே திசையில் ஓடியிருந்தால் பாதி வழியிலேயே சமநிலை வந்து பரிமாற்றம் நின்றிருக்கும். மற்ற மீன்கள் செவுளில் கையாளும் இதே உத்தியைக் குஞ்சு முழு உடலாலும் செய்கிறது.

ஏறக்குறைய இரண்டு வாரத்தில் அந்தத் துடுப்புகள் உதிர்ந்துவிடும். அதற்குள் குஞ்சு காற்றைச் சுவாசிக்கத் தொடங்கியிருக்கும்.