பாட்டி கட்டும் வாடகை 300 டாலர், மீதியைக் கட்டுவது யார்?

அமெரிக்காவில் வருமானம் குறைந்த முதியோருக்கென்றே கட்டப்பட்ட அடுக்குமாடிக் குடியிருப்புகள் உண்டு. 1959ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டத்தின் 202ஆம் பிரிவில் வந்தவை என்பதால் ‘பிரிவு 202’ வீடுகள் என்றே பெயர். வீட்டில் ஒருவருக்காவது 62 வயது நிரம்பியிருக்க வேண்டும். வருமானம் அந்தப் பகுதியின் இடைநிலை வருமானத்தில் (பாதிக் குடும்பங்கள் அதற்கு மேலும் பாதி அதற்குக் கீழும் ஈட்டும் தொகை) பாதியைத் தாண்டக் கூடாது.

வாடகைக் கணக்கைப் பார்ப்போம். மருத்துவச் செலவு போன்ற கழிவுகள் போக ஒரு மூதாட்டிக்கு மாதம் 1,000 டாலர் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 30 சதவீதம், அதாவது 300 டாலர், அவர் பங்கு. அந்த வீட்டை நடத்த 750 டாலர் ஆகிறதென்றால் மீதி 450ஐ மத்திய அரசின் வீட்டுவசதித் துறை தருகிறது. லிஃப்ட் ஓடுவதும், குளியலறைக் கைப்பிடி ஆடினால் இறுக்கிவிட ஆள் வருவதும் இந்தப் பணத்தில்தான். பல கட்டடங்களில் ஒரு சேவை ஒருங்கிணைப்பாளரும் இருப்பார். கண் மங்கியவருக்குக் காப்பீட்டுக் கடிதத்தைப் படித்துச் சொல்வது, மருத்துவமனைக்குப் போக வண்டி ஏற்பாடு செய்வது என்று அவர் செய்யும் சிறு வேலைகளால்தான் பலர் முதியோர் இல்லத்துக்குப் போகாமல் சொந்தக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிறார்கள்.

கட்டடம் எழுப்புவது லாப நோக்கற்ற அமைப்புகள். 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அரசு தரும் முன்பணத்துக்கு வட்டி கிடையாது. 40 ஆண்டுகள் ஏழை முதியோருக்கே வைத்திருந்தால் திருப்பித் தரவும் வேண்டாம்.

சிக்கல் இங்கேதான். கட்டடத்தின் கடமை 40 ஆண்டு. அந்த 450 டாலரோ நாடாளுமன்றம் ஆண்டுதோறும் ஒதுக்கினால்தான் வரும். 2018 டிசம்பரில் நிதி ஒதுக்கீடு நிறைவேறாமல் 35 நாள் அரசு முடங்கியபோது, இந்த மீதியைத் தருவதற்கான வாடகை உதவி ஒப்பந்தங்கள் பல புதுப்பிக்கப்படாமல் நின்றன. கையிருப்பை எடுத்துச் சமாளிக்கும்படி கட்டட உரிமையாளர்களிடம் துறையே சொன்னது. 2012 நிதியாண்டு முதல் சில ஆண்டுகள் புதிய கட்டுமானத்துக்குப் பணமே ஒதுக்கப்படவில்லை. எனவே ‘நிதி குறையவில்லை’ என்று அரசு அறிவித்தாலும் அதை நம்பி ஓய்ந்துவிடக் கூடாது. பழைய ஒப்பந்தங்களைப் புதுப்பிக்க எவ்வளவு, புது வீடுகளுக்கு எவ்வளவு என்று பிரித்துக் கேட்க வேண்டும். செலவு ஏறும்போது அதே தொகையை ஒதுக்குவதும் வெட்டுதான்.

விண்ணப்பிப்பவர்கள் கவனிக்க: நாடு முழுவதற்கும் ஒரே பட்டியல் இல்லை. ஒவ்வொரு கட்டடத்திலும் தனித்தனியாகப் பெயர் பதிய வேண்டும். முகவரி மாறினால் உடனே எழுத்தில் தெரிவியுங்கள். கடிதம் திரும்பி வந்தால் காத்திருந்த இடம் பறிபோகலாம்.