மாத்திரையை நிறுத்துவதும் ஒரு வைத்தியம்

ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் சாப்பிடும் முதியவருக்குக் கணுக்கால் வீங்குகிறது. அந்த மாத்திரையின் பக்கவிளைவு அது. வீக்கத்தைப் புது நோயாக எடுத்துக்கொண்ட மருத்துவர், நீர் பிரிவதற்கு ஒரு மாத்திரை எழுதுகிறார். அடிக்கடி கழிப்பறைக்கு ஓட வேண்டியிருப்பதால் சிறுநீரை அடக்க ஆக்ஸிபியூட்டினின் வருகிறது. அது புத்தியை மந்தமாக்க, மறதிக்கும் ஒரு மாத்திரை. ஒன்று நான்காகிவிட்டது, முதலில் இருந்த நோய் ஒன்றுதான். கனடாவின் பவுலா ரோச்சன், அமெரிக்காவின் ஜெர்ரி கர்விட்ஸ் என்ற இரு மருத்துவர்கள் 1990களில் இந்தச் சங்கிலிக்குப் பெயரிட்டு எழுதினார்கள்.

வயதான உடம்பு மருந்தைச் சீக்கிரம் வெளியேற்றாது. பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் கொடுக்கும் டயஸெபாம் மருந்தில் பாதி உடம்பைவிட்டு நீங்க 20 வயதில் சுமார் 20 மணி நேரம் ஆகும். 80 வயதில் கிட்டத்தட்ட 90 மணி நேரம். நேற்றிரவு போட்ட மாத்திரை இன்றும் நாளையும் தள்ளாட வைக்கும்.

மருந்தைத் தொடங்கக் கற்றுக்கொடுக்கும் அளவுக்கு, நிறுத்த மருத்துவக் கல்லூரிகள் கற்றுக்கொடுப்பதில்லை. அந்தக் குறையை நிரப்பத்தான் கனடாவின் ஒட்டாவாவில் ப்ரூயேர் ஆய்வு நிறுவனத்தார், எந்த மருந்தை யாருக்கு எப்படிக் குறைப்பது என்று படிப்படியான வழிகாட்டிகளைத் தயாரித்தார்கள். மருந்தைக் குறைக்கப் பழகும் பயிற்சியின் முதல் வேலை சாதாரணமானது: வீட்டிலுள்ள மாத்திரைகள் அத்தனையையும் ஒரே பையில் கொண்டுவரச் சொல்லி, இது எதற்கு, அந்தக் காரணம் இன்னும் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பது.

கடினமான பாடம் அடுத்தது. வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமிப்ரசோலைப் பல மாதங்கள் சாப்பிட்டுவிட்டுச் சட்டென்று விட்டால், அடக்கி வைத்த அமிலம் முன்பைவிட அதிகமாகச் சுரக்கும். நெஞ்சு எரியும். 'பார்த்தீர்களா, மருந்து தேவைதான்' என்று நோயாளியும் மருத்துவரும் ஏமாந்துபோவார்கள். அது பழைய நோய் அல்ல, சில வாரங்களில் அடங்கிவிடும் எதிர்வினை. தூக்க மாத்திரையிலும் இதே கதை. அதை இரண்டு வாரத்துக்குக் கால் பங்கு என்ற கணக்கில்தான் இறக்க வேண்டும். மருத்துவரைக் கேட்காமல் நோயாளி தானாகவே நிறுத்துவது ஆபத்து.

நோயாளியும் விஷயம் அறிந்தால் பலன் கூடுகிறது. கியூபெக்கில் தூக்க மாத்திரை சாப்பிடும் முதியவர்களுக்கு விளக்கப் புத்தகம் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2014இல் வெளியானது. ஆறு மாதத்தில் 27 சதவீதம் பேர் மாத்திரையை அடியோடு விட்டிருந்தார்கள்; புத்தகம் பெறாதவர்களில் 5 சதவீதம்தான்.

பேச்சையும் பழக வேண்டியிருக்கிறது. 'இனி இது உங்களுக்கு வேண்டாம்' என்றால், வைத்தியர் கைவிட்டுவிட்டார் என்றுதான் முதியவர் காதில் விழும். 'கொஞ்சம் குறைத்துப் பார்ப்போம், தொந்தரவு வந்தால் மறுபடி தொடங்கலாம்' என்றால் பெரும்பாலும் தலையாட்டுவார்.