எலும்பை மேலே தள்ளும் கரிசல்

1999ஆம் ஆண்டு. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் வின்டன் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில், டேவிட் எலியட் தன் பண்ணையில் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனார். தரையில் ஒரு எலும்புத் துண்டு கிடந்தது. அது டைனோசருடையது. சுமார் 9.5 கோடி ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்ததை மேலே கொண்டுவந்தது யார்? மண்தான்.

வின்டனைச் சுற்றிக் கண்ணுக்கு எட்டிய தூரம்வரை கரிசல். கோவில்பட்டிப் பக்கம் கோடையில் நடந்தவர்களுக்கு இந்த மண்ணின் குணம் தெரியும். இதிலுள்ள களிமண் மழையில் நீரைக் குடித்து உப்பும். காய்ந்தால் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். அந்த வெடிப்புக்குள் மேல்மண் உதிர்ந்து விழுகிறது. அடுத்த மழையில் மண் மறுபடி உப்பும்போது பழைய இடம் போதவில்லை, ஏனென்றால் வெடிப்பில் ஏற்கெனவே மண் அடைத்திருக்கிறது. அப்புறம் என்ன, மேலே எழும்புவதுதான் ஒரே வழி. உள்ளே சிக்கிய கல்லும் எலும்பும் கூடவே கொஞ்சம் கொஞ்சமாக ஏறி வருகின்றன.

இந்தப் பயணத்தில் எலும்பு நொறுங்கிவிடும். அதனால் தரையில் துண்டுகள் கிடந்தால், அது அடியில் பாருங்கள் என்ற அடையாளம். ஒரு மீட்டருக்கும் மேல் கரிசலை அகற்றிக் கீழுள்ள களிமண் அடுக்கைத் தொட்டபோதுதான் முழு எலும்புகள் கிடைத்தன. 2009இல் ஒரே நேரத்தில் மூன்று புதிய டைனோசர்கள் அறிவிக்கப்பட்டன: நீண்ட கழுத்துள்ள தாவர உண்ணிகளான டயமன்டினாசாரஸ், வின்டனோடைட்டன், பெரிய கொக்கி நகங்களுள்ள வேட்டை விலங்கு ஆஸ்ட்ரலோவெனேட்டர். அவை வாழ்ந்தபோது இங்கே ஆறுகளும் வெள்ளச் சமவெளியும் இருந்தன. செத்த உடல் சேற்றில் புதைந்ததால்தான் எலும்பு கல்லாக மாற நேரம் கிடைத்தது.

அதற்கும் முன்பு இங்கே இருந்தது ஆழமில்லாத கடல். அதன் சேறு இறுகிய பாறை, அடியிலுள்ள மணற்பாறையில் தேங்கிய நீருக்கு மூடிபோல் இருக்கிறது. ஊர்க்காரர்கள் 1895இல் ஒரு கிலோமீட்டருக்கும் ஆழமாகத் துளைத்து அந்த நீரை எடுத்தார்கள். 80 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூட்டோடு, கந்தக வாடையோடு வருகிறது.

இது கோவா (Koa) என்ற ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் நிலம். 1870களில் ஆடுகளோடு வந்த வெள்ளையர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். கரிசலில் செழித்த மிட்செல் புல்தான் அவர்களை இழுத்தது.

அந்தக் கரிசலே மழையில் அவர்களை முடக்கவும் செய்தது. சக்கரம் சேற்றில் அப்பிக்கொண்டு நகராது. 1919இல் ஹட்சன் ஃபிஷ், பால் மெக்கின்னஸ் என்ற இரு முன்னாள் போர் விமானப்படை வீரர்கள், ஓர் விமானப் போட்டிக்கான பாதையைக் காரில் ஆராயப் புறப்பட்டு, இந்த வடக்கு நிலத்தில் சாலையே இல்லாமல் திண்டாடினார்கள். இங்கே விமானம்தான் சரிப்படும் என்று அவர்களுக்குத் தோன்றியது. 1920 நவம்பர் 16 அன்று குவாண்டாஸ் விமான நிறுவனம் தொடங்கப்பட்டது வின்டனில்தான்.