மாவட்டம் பிரிந்ததும் பழைய கணக்கு ஏன் மாறுகிறது?

2019 நவம்பர் 28 அன்று வேலூர் மாவட்டம் மூன்றானது. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் பக்கம் போயின. ஆற்காடும் அரக்கோணமும் ராணிப்பேட்டை பக்கம். காட்பாடி, குடியாத்தம் வேலூரிலேயே தங்கின.

ஷூ கம்பெனிகளுக்குப் பசையும் நூலும் விற்கும் ஒரு மொத்த வியாபாரியின் கணினியை எடுத்துக்கொள்வோம். ஊர் டேபிளில் ஆம்பூருக்கு நேரே இருந்த 'வேலூர்' அழிந்து 'திருப்பத்தூர்' ஏறுகிறது. ஒரே ஒரு அப்டேட்தான். ஆனால் 2017-ம் ஆண்டு ரிப்போர்ட்டை இப்போது எடுத்தால், அன்றைக்குப் பிறக்கவே பிறக்காத மாவட்டத்தின் பேரில் விற்பனை நிற்கிறது. வேலூரின் பழைய தொகை குறைந்துவிட்டது. எர்ரர் எதுவும் வராது. ஓடாத ரிப்போர்ட்டைவிட இப்படி ஓடுகிற ரிப்போர்ட்தான் ஆபத்து.

டேட்டாபேஸ் மேல் குற்றமில்லை. ஐபிஎம்மில் இருந்த எட்கர் காட் 1970-ல் முன்வைத்த, தகவலைத் தனித்தனி டேபிள்களாக வைக்கும் ரிலேஷனல் முறையில், நல்ல வடிவமைப்பு என்றால் ஒரு தகவல் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். பில்லில் வாடிக்கையாளர் எண், வாடிக்கையாளருக்கு ஊர், ஊருக்கு மாவட்டம். ரிப்போர்ட் கேட்கும்போதுதான், டேபிள்களை இணைக்கும் 'ஜாயின்' கட்டளை இவற்றைக் கோக்கிறது. இன்று கோத்தால் இன்றைய மாவட்டம்தான் வரும்.

அதனால் மாவட்டத்தை அழித்து எழுதாமல், தனி டேபிளில் தேதியோடு வைக்க வேண்டும். ஆம்பூருக்கு இரண்டு பதிவுகள்: வேலூர், முடிவு 2019-11-28, திருப்பத்தூர், தொடக்கம் 2019-11-28. பில் தேதி எதற்குள் விழுகிறதோ அந்த மாவட்டம். 1989-ல் திருவண்ணாமலை பிரிந்துபோனதையும் பார்த்த வட ஆற்காட்டுக்காரர்களுக்கு இந்த முன்ஜாக்கிரதை மிகையாகத் தோன்றாது.

இங்கேதான் இரண்டு பள்ளங்கள். டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்க்யூஎல்லில், 'இதிலிருந்து இதுவரை' என்று கேட்கும் 'பிட்வீன்' இரு முனைத் தேதிகளையும் சேர்த்துக்கொள்ளும். நவம்பர் 28-ல் போட்ட ஆம்பூர் பில் இரண்டு பதிவுகளோடும் பொருந்தி, இரண்டு மாவட்டத்திலும் எண்ணப்படும். ஆகவே தொடக்கத்துக்கு 'சமம் அல்லது பின்', முடிவுக்கு 'கண்டிப்பாக முன்' என்று எழுதுங்கள். அடுத்தது, இன்னும் முடியாத பதிவின் முடிவுத் தேதியைக் காலியாக, அதாவது 'நல்'லாக, விடுவது. நல்லோடு எதை ஒப்பிட்டாலும் விடை உண்மையுமில்லை, பொய்யுமில்லை. தெரியாது என்றே வரும். அந்தப் பதிவு சத்தமில்லாமல் கழிந்துபோகும். மாவட்டம் பிரிந்த பிறகு நடந்த ஆம்பூர் விற்பனை மொத்தமும் காணாமல் போகும். 9999-12-31 என்று போட்டுவிடுங்கள். பார்க்க அசிங்கம்தான், வேலை செய்யும். போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருள் வைத்திருப்பவர்கள், ஒரே ஊரின் காலங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாதபடி டேபிளிலேயே தடை போடலாம்.

வேகத்துக்கும் தேதியைக் கையாளும் விதம் முக்கியம். பில் தேதியிலிருந்து ஆண்டைப் பிரித்து '2019-க்குச் சமமா' என்று கேட்டால், தேதிக்குப் போட்ட இன்டெக்ஸ் (சீக்கிரம் தேட உதவும் அட்டவணை) பெரும்பாலும் பயன்படாமல் டேபிள் முழுக்கப் படிக்கப்படும். 2019-01-01 முதல், 2020-01-01-க்கு முன் என்று கேளுங்கள். மாதக் கடைசிப் பெரிய ரிப்போர்ட்டுகளை, பில் போடும் சர்வரை விட்டு, அதன் நகலான ரெப்ளிகாவில் ஓட்டுவது நல்லது.

ரிப்போர்ட்டை முதலாளியிடம் நீட்டுமுன் ஒரு சோதனை: எந்த ஜாயினும் இல்லாமல் பில் டேபிளின் மொத்தத் தொகையை மட்டும் எடுத்து, மாவட்டவாரிக் கூட்டலோடு ஒப்பிடுங்கள். கூட்டல் அதிகமாக வந்தால் எங்கோ இரண்டு காலங்கள் மோதுகின்றன; குறைந்தால் இடையில் ஓட்டை, அல்லது ஒரு நல்.