எழுதி வைத்துவிட்டால் சரியாகிவிடுமா?

2021 நவம்பரில் ஒரு சனிக்கிழமை. கிழக்கு லண்டனில் ஒரு கோயில் மண்டபத்தில் வாக்காளர் பதிவுப் படிவம் நிரப்ப உதவிக்கொண்டிருந்தோம். இந்தியக் குடியுரிமையோ இலங்கைக் குடியுரிமையோ வைத்திருந்தாலும், பிரிட்டனில் முறைப்படி வசிப்பவர்கள் பொதுத்தேர்தலில் வாக்களிக்கலாம். காமன்வெல்த் நாட்டவருக்கு அந்த உரிமை உண்டு. இது தெரியாமலே பத்துப் பதினைந்து வருடம் ஓட்டியவர்களை இன்னும் சந்திக்கிறேன்.

அன்று வந்த யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர் படிவத்தைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டார்: "பிள்ளை, நீர் கணக்குப் பார்க்கிற ஆள். ஒண்டு சொல்லும். அந்த எம்.பி. தான் வாங்கின காசை எல்லாம் பதிவேட்டில எழுதித்தானே வச்சவர்? ஒளிச்சிருந்தால் களவு. எழுதி வச்சது எப்பிடிக் களவாகும்?"

அந்த வாரம் நாடே பேசிக்கொண்டிருந்த ஓவன் பேட்டர்சனைத்தான் அவர் சொன்னார். கோபப்பட்டவர்கள் பலரிடம்கூட இந்தக் கேள்விக்குத் தெளிவான பதில் இல்லை.

நான் உள்ளகத் தணிக்கையாளர். உள்ளாட்சி மன்றங்களிலும் அறக்கட்டளைகளிலும் "நலன் பதிவேடு" என்ற ஒன்றைச் சரிபார்ப்பது என் வேலையில் ஒரு பகுதி. முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவர் தனக்கோ தன் குடும்பத்துக்கோ எங்கிருந்து பணம் வருகிறது என்று அதில் எழுதித் தர வேண்டும். சில வருடங்களுக்கு முன் ஒரு மன்றத்தில் கொள்முதல் பிரிவுக் கோப்பைப் பார்த்தேன். அதிகாரி ஒருவர், தன் தம்பி ஒரு துப்புரவு நிறுவனத்தில் பங்குதாரர் என்று மூன்று வருடமாகத் தவறாமல் எழுதிக் கொடுத்திருக்கிறார். அதே மூன்று வருடமும் துப்புரவு டெண்டருக்கு மதிப்பெண் போட்டவர்களில் அவரும் ஒருவர். மேலாளரிடம் கேட்டேன். "அதுதான் டிக்ளேர் பண்ணிட்டாரே" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. உண்மையாகவே அதோடு கடமை முடிந்தது என்று நம்பினார். அந்தக் கோப்பை மூன்று வருடத்தில் யாரும் திறந்தே பார்த்திருக்கவில்லை.

எழுதி வைப்பது எதற்கு? அந்த மனிதரை அந்த முடிவிலிருந்து விலக்கி வைக்க வேண்டும் என்று மற்றவர்களுக்குத் தெரிவதற்காக. எழுதிவிட்டு அதே நாற்காலியில் உட்கார்ந்து மதிப்பெண் போட்டால் அந்தக் காகிதத்தால் ஒரு பயனும் இல்லை. எழுதியவருக்குத் தன் நிலை தெரிந்தே இருந்தது என்பதற்கு அதுவே சாட்சியாகவும் ஆகிவிடும்.

இனி பேட்டர்சன். வடக்கு ஷ்ரோப்ஷயர் தொகுதியின் கன்சர்வேட்டிவ் எம்.பி., முன்னாள் அமைச்சர். 2015 முதல் ராண்டாக்ஸ் என்ற மருத்துவப் பரிசோதனை நிறுவனத்துக்கும், 2016 இறுதி முதல் லின்ஸ் கன்ட்ரி ஃபுட்ஸ் என்ற இறைச்சி நிறுவனத்துக்கும் சம்பளம் வாங்கும் ஆலோசகர். முதல் நிறுவனம் மாதம் 8,333 பவுண்டு கொடுத்தது. அவர் காட்டிய வேலை நேரம் மாதத்துக்கு 16 மணி. இரண்டாவது நிறுவனம் வருடத்துக்கு 12,000 பவுண்டு. அப்போது ஒரு எம்.பி.யின் முழுச் சம்பளமே 81,932 பவுண்டுதான். இவை எல்லாம் எம்.பி.க்களின் நலன் பதிவேட்டில் இருந்தன. ஐயா சொன்னது சரி, அவர் ஒளிக்கவில்லை.

ஆனால் அந்த ஆலோசகர் வேலையில் இருந்துகொண்டே அவர் அதே நிறுவனங்களின் காரியமாக அரசின் கதவைத் தட்டினார். 2016-க்கும் 2018-க்கும் இடையில் உணவுத் தர முகமையை 10 முறையும், சர்வதேச வளர்ச்சித் துறை அமைச்சர்களை 4 முறையும் அணுகியதாக விசாரணையில் தெரிந்தது. பாலில் மருந்து எச்சம் இருப்பதைச் சொன்னேன், மக்கள் நலனுக்காகத்தான் சொன்னேன் என்பது அவர் வாதம். பெரிய தீங்கு ஒன்று கண்ணில் பட்டால் அதை அரசுக்குச் சொல்ல விதியில் விலக்கு உண்டு, அதுவும் நியாயமான விலக்கு. ஆனால் பாலில் கோளாறு இருக்கிறது என்று எச்சரிப்பது ஒன்று, அதைக் கண்டுபிடிக்க எனக்குச் சம்பளம் தரும் நிறுவனத்தின் கருவி இருக்கிறது என்று எடுத்துச் சொல்வது வேறு. இரண்டாவதற்குப் பெயர் கூலிக்குப் பரிந்து பேசுவது. பிரிட்டிஷ் மக்களவை விதியில் அது தடை. பதிவேட்டில் எழுதியிருந்தாலும் தடைதான்.

மக்களவையின் அப்போதைய நெறிமுறை ஆணையர் கேத்ரின் ஸ்டோன் இரண்டு வருடம் விசாரித்தார். இடையில், 2020 ஜூனில், பேட்டர்சனின் மனைவி உயிரிழந்தார். நெறிமுறைக் குழு அந்தத் துயரத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் 2021 அக்டோபர் 26 அன்று அறிக்கை வெளியிட்டது. பரிந்துரை: அவையின் 30 அமர்வு நாள்களுக்கு இடைநீக்கம்.

இந்த 30 நாள் என்ற எண்ணைப் பார்த்ததும் எனக்கு இன்னொருவர் ஞாபகம் வந்தது. நம்மவர்கள் இந்தக் கதையை மறக்கவே கூடாது.

வடக்கு அயர்லாந்தின் இயன் பேஸ்லி, அப்போது வடக்கு ஆன்ட்ரிம் எம்.பி. 2013-ல் குடும்பத்தோடு இரண்டு முறை இலங்கைக்கு விடுமுறை போனார். செலவு முழுவதும் இலங்கை அரசுடையது. அதை அவர் பதிவேட்டில் எழுதவில்லை. 2014 மார்ச்சில், இறுதிப் போர்க் காலத்து மீறல்களைச் சர்வதேச அளவில் விசாரிக்கக் கோரும் தீர்மானம் ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைப் பேரவையில் வாக்கெடுப்புக்கு வரவிருந்தது. வாக்கெடுப்புக்கு ஒரு வாரம்போல் இருக்கும்போது, மார்ச் 19 அன்று, அதை பிரிட்டன் ஆதரிக்கக் கூடாது என்று பிரதமர் டேவிட் கேமரனுக்குக் கடிதம் எழுதினார் பேஸ்லி. கடிதத்தில் அந்த விடுமுறைகளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. 2017-ல் டெய்லி டெலிகிராஃப் பத்திரிகை வெளிக்கொண்டுவந்து, விசாரணை நடந்து, 2018 ஜூலையில் மக்களவை அவரை இடைநீக்கம் செய்தது. ஆதரவாக 379 வாக்கு, எதிராக 1. தண்டனை: 30 அமர்வு நாள்.

எழுதாமல் மறைத்தவருக்கும் 30 நாள், ஒழுங்காக எழுதி வைத்தவருக்கும் 30 நாள். ஐயாவின் கேள்விக்கு என் பதில் இதில் இருக்கிறது. மறைப்பது ஒரு குற்றம். வாங்கிய இடத்துக்காகப் பரிந்து பேசுவது அதனோடு சேராத தனிக் குற்றம். முதலாவதைச் செய்யவில்லை என்பதால் இரண்டாவதற்கு மன்னிப்புக் கிடையாது.

பேட்டர்சன் விஷயத்தில் மக்களைக் கொதிக்க வைத்தது காசு மட்டுமில்லை. நவம்பர் 3 அன்று அறிக்கை வாக்கெடுப்புக்கு வந்தபோது, அதை நிறுத்தி வைத்து, மேல்முறையீட்டு விதிகளை ஆராயத் தங்கள் கட்சிக்குப் பெரும்பான்மை உள்ள புதிய குழுவை அமைக்க அரசாங்கம் தன் எம்.பி.க்களுக்குக் கொறடா உத்தரவு போட்டது. 250-க்கு 232 என்று அது நிறைவேறியும் விட்டது. மேல்முறையீட்டு உரிமை வேண்டும் என்பது தப்பான கோரிக்கை இல்லை. 2022-ல் அந்த வழி முறையாகவே வந்தது. ஆனால் நடுவர் விசில் ஊதிய பிறகு, ஆட்டமிழந்தவர் நம்ம ஆள் என்பதற்காக விதியை மாற்றுவதை எந்தத் தெருவிலும் சிறுபிள்ளைகள்கூட ஒத்துக்கொள்ள மாட்டார்கள். எதிர்ப்பு தாங்காமல் மறுநாள் காலையே அரசு பின்வாங்கியது. மாலைக்குள் பேட்டர்சன் பதவி விலகினார்.

அவருடைய தொகுதி ஏறத்தாழ இருநூறு ஆண்டு கன்சர்வேட்டிவ் கோட்டை. 2019-ல் அவருடைய வித்தியாசம் 22,949 வாக்கு. டிசம்பர் 16 இடைத்தேர்தலில் அதற்கு முந்தைய தேர்தலில் மூன்றாவதாக வந்த லிபரல் டெமாக்ரட் கட்சியின் ஹெலன் மார்கன் 5,925 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார்.

பேஸ்லி விஷயத்தில் அப்படி நடக்கவில்லை. 10 அமர்வு நாளோ அதற்கு மேலோ இடைநீக்கம் என்றால் எம்.பி.யைத் திரும்பப் பெறும் மனு தானாகவே திறக்கும். தொகுதி வாக்காளர்களில் 10 சதவீதம் பேர் ஆறு வாரத்துக்குள் கையெழுத்திட்டால் இடம் காலியாகும், இடைத்தேர்தல் வரும். வடக்கு ஆன்ட்ரிமில் 7,099 பேர் கையெழுத்திட்டார்கள். இன்னும் 444 கையெழுத்து போதவில்லை. கையெழுத்துப் போட அந்தப் பரந்த தொகுதியில் திறந்திருந்தவை மூன்றே இடங்கள். 10 வரை திறக்கச் சட்டம் இடம் கொடுத்தும் மூன்றுதான். எனக்கு இன்றும் ஆறவில்லை.

இது இன்று நேற்றுப் பிறந்த நோயும் இல்லை. 1695-ல் அவைத் தலைவர் சர் ஜான் ட்ரெவரே ஒரு மசோதாவை நகர்த்துவதற்காக லண்டன் மாநகர ஆட்சியிடம் 1,000 கினி வாங்கி அவையிலிருந்து வெளியேற்றப்பட்டார். 1994-ல் எம்.பி.க்கள் அவையில் கேள்வி கேட்கக் காசு வாங்கிய விவகாரம் வெடித்த பிறகுதான் தனி நெறிமுறை ஆணையர் பதவியே வந்தது. ஒவ்வொரு விதிக்கும் பின்னால் மக்களின் ஒரு கோபம் இருக்கிறது.

பேட்டர்சன் விவகாரத்துக்குப் பிறகு 2023 மார்ச்சில் புதிய நடத்தை விதிகள் நடைமுறைக்கு வந்தன. நாடாளுமன்ற விஷயத்தில் காசுக்கு ஆலோசனை சொல்லும் வேலை இப்போது எம்.பி.க்களுக்கு அடியோடு தடை. மற்ற வெளிவேலை செய்யலாம். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அவசர சிகிச்சைப் பிரிவில் ஷிஃப்ட் பார்க்கும் டாக்டர் எம்.பி. ஒருவர் இருப்பது அவைக்கு நல்லதுதான். எம்.பி. பதவி இல்லாவிட்டாலும் இந்த ஆளுக்கு இந்தச் சம்பளம் கிடைத்திருக்குமா? நான் பார்ப்பது இதைத்தான்.

உங்கள் எம்.பி.யின் பதிவேட்டை நீங்களே பார்க்கலாம். நாடாளுமன்ற இணையதளத்தில் இலவசம், அவை கூடும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிறார்கள். பெரிய தொகையைப் பார்த்தவுடன் பதற வேண்டாம். தணிக்கையில் நாங்கள் செய்வதுபோல் முதலில் மணிக்கணக்கையும் தொகையையும் வகுத்துப் பாருங்கள். அப்புறம், பணம் கொடுப்பவர் யாருக்கு விற்கிறார் என்று பாருங்கள். அரசிடம் விற்பவரா, அரசின் அனுமதிக்குக் காத்திருப்பவரா? அப்படியானால் அவைக் குறிப்பில், அதாவது ஹன்சார்டில், அந்தத் துறையின் பெயரைப் போட்டு உங்கள் எம்.பி. என்ன பேசினார், எழுத்துமூலம் என்ன கேள்வி கேட்டார் என்று தேடுங்கள். பணம் வந்த தேதியையும் பேசிய தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். வெளிநாட்டுப் பயணங்கள் தனித் தலைப்பில் இருக்கும். செலவை ஓர் அரசாங்கம் ஏற்றிருந்தால் அந்த நாட்டைப் பற்றி அவர் பிறகு என்ன சொன்னார் என்று கட்டாயம் பாருங்கள்.

ஏதாவது இடித்தால் முதலில் அவருக்கே எழுதிக் கேளுங்கள். விதிமீறல் என்று தோன்றினால் நெறிமுறை ஆணையருக்கு உங்கள் பெயர் போட்டு, ஆதாரத்தோடு எழுதலாம். மொட்டைக் கடிதத்தை எடுத்துக்கொள்ள மாட்டார்கள். எம்.பி.யின் அரசியல் கருத்து பிடிக்கவில்லை, என் விசாக் கடிதத்துக்குப் பதில் போடவில்லை என்பவையும் அங்கே எடுபடாது. வாட்ஸ்அப்பில் வந்ததை அப்படியே ஒட்டி அனுப்பாதீர்கள். கொரோனா காலத்தில் ராண்டாக்ஸுக்குக் கிடைத்த பரிசோதனை ஒப்பந்தங்களையும் பேட்டர்சன் தீர்ப்பையும் ஒன்றாகக் கலந்து எழுதிய செய்திகள் நம் குழுக்களில் நிறையச் சுற்றின. ஆணையரின் தீர்ப்பில் அந்த ஒப்பந்தங்கள் இல்லை. தவறான புகார் ஒன்று போனால் அடுத்து வரும் சரியான புகாருக்கும் மதிப்புக் குறையும்.

அன்று மண்டபத்தில் ஐயாவிடம் இவ்வளவும் சொல்ல நேரமிருக்கவில்லை. பேஸ்லி கதையை மட்டும் சொன்னேன். கடிதத்தின் தேதியை இரண்டு முறை கேட்டார்.

"2014 மார்ச்சா? அந்த மாசம் நான் ஜெனீவாவில நிண்டனான், பிள்ளை. இஞ்சையிருந்து பஸ்ஸில போனனாங்கள். குளிருக்க கொடியைப் பிடிச்சுக்கொண்டு..." என்றவர் நிறுத்திக்கொண்டார். கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, "என்ர எம்.பி.யின்ர பக்கத்தை எடும் பாப்பம்" என்றார்.

மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினேன். முதல் மூன்று பதிவுகளை விரலை வைத்து மெதுவாக வாசித்தார். நாலாவதில் விரல் நின்றது. என்னிடம் பென்சில் கேட்டார்.