மைனர் வழக்கில் ராஜி: பெற்றோர் கையெழுத்து மட்டும் போதாது

பாகப்பிரிவினை வழக்கு. தகப்பனார் இறந்துவிட்டார், பங்காளிகளில் ஒருவர் பத்து வயதுப் பையன், அவனுக்காக அம்மா ஆஜராகிறார். எல்லோரும் உட்கார்ந்து பேசி ராஜிக்கு, அதாவது சமரசத்துக்கு, வந்துவிட்டார்கள். அம்மா கையெழுத்துப் போட்டால் முடிந்ததா? இல்லை.

உரிமையியல் நடைமுறைச் சட்டம் 1908, கட்டளை 32, விதி 7: மைனருக்காக வழக்கு நடத்துபவர், அது பெற்ற தாயே ஆனாலும், நீதிமன்ற அனுமதி இல்லாமல் வழக்கு சம்பந்தமாக எந்த சமரசமும் செய்யக் கூடாது. அந்த அனுமதி வழக்கு நடவடிக்கையில் வெளிப்படையாகப் பதிவாக வேண்டும்.

அனுமதி கேட்டு மனு போடும்போது கூடவே கார்டியனின், அதாவது மைனருக்காக வழக்கு நடத்துபவரின், பிரமாண வாக்குமூலம் வேண்டும். வக்கீல் வைத்திருந்தால், இந்த ராஜி மைனருக்கு நன்மையானது என்று அவரும் சான்று தர வேண்டும். பலர் இதை வெறும் சடங்காக நினைத்து இரண்டு வரியில் முடித்துவிடுகிறார்கள். ஆனால் வக்கீலின் சான்று நீதிபதியைக் கட்டுப்படுத்தாது. மேலே சொன்ன வழக்கில் அம்மாவும் ஒரு பங்குதாரர்தான். வீடு அவருக்கு, மேட்டு நிலம் பையனுக்கு என்று எழுதியிருந்தால் நீதிபதி துருவித் துருவிக் கேட்கத்தான் செய்வார். எதற்கு எவ்வளவு மதிப்பு, ஏன் இந்தப் பிரிவு என்பதை வாக்குமூலத்திலேயே எழுதிவிடுவது நல்லது.

அனுமதி வாங்காத ராஜி தானாகச் செல்லாமல் போவதில்லை. மைனர் தரப்பு நினைத்தால் அதை ரத்து செய்ய வைக்கலாம். எதிர்த்தரப்பு அதே காரணத்தைச் சொல்லிக் கழன்றுகொள்ள முடியாது. ஆகவே அனுமதியைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியவர் எதிராளிதான்.

பணம் வருவதாக இருந்தால் விதி 6-ஐயும் பாருங்கள். மைனருக்கான தொகையைக் கார்டியன் கையில் வாங்கவும் தனி அனுமதி தேவை. விபத்து இழப்பீட்டில், மைனர் பங்கை 18 வயது வரை வங்கியில் நிரந்தர வைப்பாகப் போடும்படி 1993-இல் உச்ச நீதிமன்றம் வழிகாட்டியது. சிகிச்சைச் செலவு போன்றவற்றுக்கு மனு போட்டு எடுக்கலாம்.

மனநலம் குன்றி, தன் நலனைத் தானே காத்துக்கொள்ள முடியாதவர்களுக்கும் விதி 15-இன்படி பெரும்பாலும் இதே நடைமுறைதான்.

ராஜி டிக்ரியின் (சமரசப்படி நீதிமன்றம் தரும் தீர்ப்பாணை) சான்று நகல் கைக்கு வந்ததும், அனுமதி உத்தரவு பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அன்றே வக்கீலிடம் சொல்லுங்கள்.