செட்டை மாற்றும் முன் பென் டிரைவைப் பாருங்கள்

கார்த்திகை பிறந்துவிட்டால் செங்கோட்டையில் கார் ஸ்டீரியோ வேலை பார்ப்பவர்களுக்கு ஒரே புகார்தான்: "அண்ணாச்சி, செட் போயிட்டு. பாதிப் பாட்டு ஓடுது, பாதி ஓடல." ஆரியங்காவு வழியாகச் சபரிமலைக்குப் போகிறவர்களும் புனலூருக்கு வாடகை வண்டி ஓட்டுகிறவர்களும் பென் டிரைவைத்தான் நம்பியிருக்கிறார்கள். கோட்டைவாசல் தாண்டிக் காட்டுக்குள் போனால் சிக்னல் விட்டு விட்டுத்தான் கிடைக்கும். புதுச் செட் விலை கேட்டு வருகிறவர்களிடம் பென் டிரைவை வாங்கிப் பார்த்தால், அநேகமாகக் கோளாறு அதில்தான் இருக்கும்.

64 ஜிபி பென் டிரைவ்களில் கோப்புகளை அடுக்கிவைப்பது பெரும்பாலும் எக்ஸ்ஃபேட் என்ற முறையில். பழைய செட்டுகள் பலவற்றுக்கு ஃபேட்32 என்ற பழைய முறை மட்டும்தான் தெரியும். ஃபேட்32 முறையில் வரும் 32 ஜிபி வாங்கினாலே தாராளம். 192 கேபிபிஎஸ் (ஒரு விநாடி ஒலிக்குச் செலவாகும் தரவின் அளவு) தரத்தில் 5 நிமிடப் பாட்டு சுமார் 7 எம்பி. நாலாயிரம் பாட்டுக்கு மேல் பிடிக்கும். இன்னொன்று, கோப்பின் பெயரில் எம்பி3 என்று திருத்தினால் அது எம்பி3 ஆகிவிடாது. உள்ளே ஓபஸ் என்ற வேறு ஒலி வடிவம் இருந்தால் பழைய செட் பேசாமல் அடுத்த பாட்டுக்குத் தாவிவிடும்.

இதையெல்லாம் கையால் சரிசெய்து அலுத்துப்போய், பைத்தான் என்ற கணினி மொழியில் சின்ன நிரல் ஒன்று எழுதிக்கொண்டேன். பாட்டை எம்பி3 ஆக மாற்றும் வேலையைச் செய்வது எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருள். எந்தப் பாட்டு புதுசு, எது ஏற்கெனவே ஏறியது என்று பார்ப்பதுதான் என் நிரலின் வேலை. கேட்க எளிது, ஆனால் சிக்கல் இங்கேதான். மாற்றியதும் கோப்பின் அளவு வேறாகிவிடுவதால் அளவை ஒப்பிட முடியாது. அதனால் மூலக் கோப்பு கடைசியாகத் திருத்தப்பட்ட நேரத்தையே மாற்றிய கோப்புக்கும் வைத்து, நேரத்தை ஒப்பிட வேண்டும். ஃபேட்32 நேரத்தை 2 விநாடிக் கணக்கில்தான் குறித்துவைக்கும். 7ஆம் விநாடி என்பது அங்கே 6 அல்லது 8 ஆகிவிடும். உடனே நிரல் 'கோப்பு மாறிவிட்டது' என்று எண்ணி, பழைய பாட்டுகளையும் மறுபடி மாற்றத் தொடங்கும். 2 விநாடி வித்தியாசத்தைப் பொருட்படுத்தாதே என்று சொல்லிவைத்தால் தீர்ந்தது.

அப்புறம் வரிசை. முதலில் பிள்ளையார் பாட்டு, அதற்குப் பிறகு ஐயப்பன் பாட்டு என்று பெயருக்கு முன்னால் எண் போட்டுக் கொண்டுவருவார்கள். பல செட்டுகள் பெயரைப் பார்ப்பதில்லை. பென் டிரைவில் எந்த வரிசையில் எழுதப்பட்டதோ அதே வரிசையில்தான் பாடும். எனவே இப்படி எண் போட்ட பாட்டுகள் உள்ள கோப்புறையை மட்டும் காலி செய்து, நிரல் ஒவ்வொன்றாக வரிசைப்படி எழுதுகிறது. தமிழ், மலையாளப் பெயர்கள் திரையில் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் செட்டில் அந்த எழுத்துரு இல்லை என்று பொருள். பாட்டின் பெயர், பாடகர் போன்ற விவரம் அடங்கிய ஐடி3 குறிப்பை 2.3 பதிப்பில், ஆங்கில எழுத்தில் எழுதிவிடுவேன். மேக் கணினியில் ஏற்றினால் புள்ளியில் தொடங்கும் குட்டிக் கோப்புகள் கூடவே வரும், அவற்றை அழித்துவிட வேண்டும்.

யாரும் கேட்காத, ஆனால் நான் விடாமல் செய்யும் வேலை ஒன்று உண்டு: ஒலி அளவைச் சமப்படுத்துவது. பழைய பாட்டு மெதுவாகக் கேட்கும், அடுத்து வரும் புதுப் பாட்டு காதைப் பிளக்கும். புளியரை எஸ் வளைவில் ஓட்டுநரின் கை ஸ்டியரிங்கை விட்டு வால்யூமுக்குப் போவது இதனால்தான். எஃப்எஃப்எம்பெக்கிலேயே 'லவுட்நார்ம்' என்ற வசதி இருக்கிறது. மாற்றும்போதே அதையும் சேர்த்து ஓட்டிவிடலாம்.

128 கேபிபிஎஸ் பாட்டை 320 ஆக்கித் தரச் சொல்லிச் சிலர் கேட்பார்கள். இடம்தான் கூடும், போன ஒலி திரும்பி வராது. மூலக் கோப்புகளை வீட்டுக் கணினியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். வெயிலில் கிடந்து பென் டிரைவ் பழுதானால், புதிதாக ஒன்றைச் செருகி நிரலை ஓட்டினால் போதும்.